விட்ட கூட்டுக்குக் காவல்

ஷோபனாவைப் பத்தி செஞ்சியில யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான் பாடுவாங்க. "படுத்த படுக்கையா கெடந்த புருஷனை இத்தன வருஷம் பாத்துக்கிட்டாளே, அவ தெய்வம்." அந்த தெய்வத்துக்கு ஒரு வேளை சோறு கொண்டாந்து கொடுத்தவங்க அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் இல்ல. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கினு வரும். ஒருத்தியை தெய்வம்னு சொல்லிட்டா அவளுக்கு ஒத்தாசை பண்ண வேணாம் பாரு, அதான் சௌகரியம். நான் அவகூட உக்காந்து ஆட்டம் ஆடினவன். அவ எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

என் பேரு ஃபர்தீன். திருவண்ணாமலை ரோட்டுல ஒரு ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் போடறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரன் பொறந்தநாளு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கம்ப்யூட்டர்லதான் பொறக்கும். ஷோபனாவோட புருஷன் குரு என்கூட ஒண்ணாப்புல இருந்து படிச்சவன். பெயிண்டர். பாண்டிச்சேரியில ஒரு அடுக்குமாடிக்கு வெளிப்பக்கம் கயித்துல தொங்கிக்கினு பெயிண்ட் அடிச்சப்போ கயிறு அறுந்துபோச்சு. உசுரு தப்பிச்சான். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தப்பல. கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆவல அப்போ.

ஷோபனாவுக்கு ஊரு சீயமங்கலம். கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஜவுளிக்கடையில சேல்ஸ்ல நின்னவ. ஒரு கஸ்டமர் கடைக்குள்ள கால் வைக்கும்போதே இவங்க எடுப்பாங்களா, சும்மா பிரிக்கச் சொல்லிட்டுப் போவாங்களான்னு சொல்லிடுவாளாம். குரு விழுந்த பிறகு அந்த வேலை போச்சு. வீட்டோட உக்காந்து சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறது, ஜாக்கெட் தைக்கிறதுனு ஆயிடுச்சு. மெஷினுக்கு இந்தப் பக்கம் தையல், அந்தப் பக்கம் கட்டில்ல குரு. அவனுக்கு மூத்திர டியூப் மாத்தணும், பை காலி பண்ணணும், ராப்பகலா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டிப் போடணும். புண்ணு வைக்காம இருக்கப் போட்ட காத்து பெட்டுக்கு ஒரு மோட்டார் ஓடும். கரண்ட் போனா பெட்டு இறங்கிடும், அப்போ இன்னும் அடிக்கடி புரட்டணும்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் போவேன். ஷேர் ஆட்டோ ஓட்டற விநாயகமும் வருவான். மூணு பேரும் ஒரே பெஞ்சு அந்தக் காலத்துல. போயி இன்னா பேசறது? ஊர்ல எவனுக்குக் கல்யாணம், எவன் வண்டி வாங்கினான்னு சொன்னா குரு மூஞ்சி சுருங்கும். அப்பதான் போன்ல ஒண்ணைப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரங்க மேசையைச் சுத்தி உக்காந்து ஒரு ஆட்டம் ஆடறாங்க. ஒருத்தன் கதை சொல்றான். மத்தவங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கறாங்க, வீரன், மந்திரவாதி, திருடன்னு. நான் இதைச் செய்யறேன்னு வாயால சொன்னா போதும், அது பலிக்குதா இல்லையான்னு பகடை சொல்லிடும். எழுந்து நிக்க வேணாம், ஓட வேணாம். இது குருவுக்குனே செஞ்ச ஆட்டம்னு எனக்குப் பட்டுச்சு.

ரூல்ஸை நானே தமிழ்ல எழுதினேன். கடையில மீந்துபோன ஃப்ளெக்ஸ் துண்டுல மேப்பு அடிச்சேன். வேற எங்க போறது, நம்ம செஞ்சிக் கோட்டை மலைங்க ராஜகிரி, கிருஷ்ணகிரி, பனமலை ஏரி, தொண்டூர் பாறைதான் மேப்பு. அவங்க உருட்டற மாதிரி இருபது மூஞ்சி பகடைக்கு நான் எங்க போவேன்? குரு வீட்டுப் பரண்ல பித்தளைத் தாயக்கட்டை இருந்துச்சு, அதை வச்சுக்கிட்டோம். நான் கதை சொல்றவன். விநாயகம் கத்தி புடிச்ச வீரன். குரு எந்த வேஷம் எடுத்தான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நெனச்ச மிருகமா மாறுற ஆளு. கரடி, புலி, கழுகுனு அவனுக்கு அட்டையும் அடிச்சுக் கொடுத்தேன்.

அந்த வித்தைக்கு உருமாற்றம்னு பேரு போட்டுட்டு விட்டிருக்கலாம். பாடப்புத்தகம் மாதிரி இருந்துச்சு, புடிக்கல. கூடு விட்டு கூடு பாயறதுனு போட்டேன். கேக்க நல்லா இருக்குதேனுதான் போட்டேன்.

ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே தகராறு. ரூல்ஸ்படி கரடிக்குத் தனி உசுரு, குருவுக்குத் தனி உசுரு. கரடி செத்தா குரு திரும்ப மனுஷனா வந்துடுவான், மேல ஒரு கீறல் இருக்காது. அப்புறம் புலி. அப்புறம் மலைப்பாம்பு. ராஜகிரி உச்சியில இருக்கிற ராட்சசனை அவன் ஒருத்தனே அடிச்சு முடிச்சுட்டான். விநாயகம் கடுப்பாயிட்டான்.

"இன்னா பாய் இது? கரடியா அடி வாங்கறான், புலியா அடி வாங்கறான், கடைசியில சோப்பு போட்டுக் குளிச்சவன் மாதிரி வந்து நிக்கிறான். நான் இந்தக் கத்திய வச்சுக்கினு வெங்காயம் உரிக்கவா?"

அவன் சொன்னது நியாயம். வித்தை பெருசா இருந்தா அதுக்கு வெலையும் பெருசா இருக்கணும், இல்லனா மத்தவன் எதுக்கு வரணும்? ஒரு நாளைக்கு இத்தன தரம்தான் மாறலாம்னு வச்சுப் பார்த்தேன். குரு ரெண்டு வாரம் பேசல. "இங்க கெடக்கறது பத்தாதா, அங்கயும் கட்டிப்போடறியா"ன்னு கேட்டான். சரினு கரடியோட பலத்தைக் குறைச்சேன். கரடியைப் பார்த்து நரி சிரிக்கிற நெலமைக்கு வந்துடுச்சு. வேலை நேரத்துல கண்ணீர் அஞ்சலி பேனர்ல செத்தவரோட மூஞ்சியை வெள்ளையாக்கிக்கினே இந்தக் கரடியை இன்னா பண்றதுனு யோசிச்சுக்கினு இருப்பேன்.

வழி சொன்னது விநாயகம்தான். அவனுக்கே தெரியாம சொன்னான்.

"பாய், பேரு இன்னா வச்சிருக்கே? கூடு விட்டு கூடு பாயறதுதானே? அப்ப விட்ட கூடு எங்க?"

"அப்படி எதுவும் இல்லடா. இதுல இவன் ஒடம்பேதான் கரடியா மாறுது"ன்னேன்.

"அப்ப வேற பேரு வச்சிருக்கணும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். உசுரு வேற ஒடம்புக்குப் போனா பழைய ஒடம்பு கீழ கெடக்கும். காவல் வைக்கணும். காலியா கெடக்குதுனு வேற எவனாவது பூந்துக்குவான். கொளுத்திட்டா திரும்பி வர முடியாது. இது தெரியாம நீ இன்னா ஆட்டம் நடத்தறே?"

இங்கிலீஷ் ரூல்ஸ்ல இல்லாத ஒரு பொணத்தை நானே பேரு வச்சு உள்ள கொண்டாந்துட்டேன். ஆனா யோசிச்சா அதுலயே எல்லாம் சரியாயிடுச்சு. குரு பாஞ்சா அவன் கூடு தொண்டூர் பாறையில வெட்டியிருக்கிற சமணப் படுக்கையில கெடக்கும். ஒருத்தர் காவல் இருக்கணும், அவங்க சண்டைக்கு வர முடியாது. கூட்டுக்குள்ள திரும்ப வரணும்னா தாயம் விழணும். தாயத்துல காய் எறக்கறதுக்கு ஒண்ணு விழணும் இல்ல, அதே கணக்கு. கூட்டுக்கு அடி பட்டா அது குருவோட உசுருலதான் கழியும். கொளுத்தறதுக்கும் வேற உசுரு பூர்றதுக்கும் விநாயகம் சொன்ன கணக்கே.

மெஷின்ல உக்காந்துக்கினு இருந்த ஷோபனா தலையைத் தூக்காமலே சொன்னா. "கட்டை மாதிரி கெடந்தா புண்ணு வச்சுடும்ணா. புரட்டிப் போட ஆளு வேணும்."

குரு அவளையே பார்த்துக்கினு இருந்துட்டு, "அதையும் எழுதிக்கோடா"ன்னான்.

காவலுக்கு யாருன்னு பேச்சு வந்துச்சு. விநாயகம் சண்டை போட வந்தவன், அவன் மாட்டேன்னுட்டான். குரு, "ஷோபா, நீ வாயேன்"ன்னான்.

"இங்க பண்றது பத்தாதுனு அங்கயும் நான்தானா மாமா?"ன்னா அவ. ஆனா வந்தா. ஊசியும் துணியும் மடியில வச்சுக்கினே கட்டில் ஓரமா உக்காந்தா. ஆட்டத்துல பேரு இன்னா வச்சுக்கறேன்னு கேட்டேன். "நிலா"ன்னா. அவ அந்தப் பேரை யோசிக்கவே இல்ல, ரொம்ப நாளா எடுத்து வச்சிருந்த மாதிரி சொன்னா.

குரு கழுகா ராஜகிரி மேல சுத்துவான். விநாயகம் கீழ வெட்டுவான். ஷோபனா முறை வந்தா நான் கேப்பேன், நிலா இன்னா பண்றா?

"புரட்டிப் போடறேன்."

மறுபடியும் கேட்டா, "எறும்பு ஏறுதானு பாக்கறேன்." அடுத்த முறை, "வாயில தண்ணி விடறேன்."

எனக்கே பாவமா போயி ஒரு தரம் ஓநாய்க் கூட்டத்தை அனுப்பினேன். அவ அசரல. இந்த ஒடம்புல தின்ன ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் ஆஸ்பத்திரிக்காரன் தின்னுட்டான்னு ஓநாய்கிட்ட பேரம் பேசி அனுப்பிவச்சா. குரு சிரிச்ச சிரிப்புல கட்டிலே ஆடிச்சு. அந்த வாட்டி அவளுக்கு எதாவது கொடுக்கணும்னு தோணுச்சு. இன்னா வேணும்னு கேட்டேன். "நானும் பாயலாமா?"ன்னா. இத்தன நாளா பக்கத்துல இருந்து பார்த்துக் கத்துக்கினா, சரிதான்னு கொடுத்துட்டேன். கொடுத்ததோட சரி, ஒரு தரம்கூட அவ அதை எடுக்கல. நானும் கேக்கல.

போன மழைக்காலத்துல குருவுக்கு முதுகுக்கடியில இருந்த புண்ணு எலும்பு வரைக்கும் போயிடுச்சு. ஷோபனா கண்ணு மூடாம பார்த்தும் போயிடுச்சு. பாண்டிச்சேரியில பெரிய டாக்டரு பார்த்துட்டு, அழுகின எலும்பை வெட்டி எடுத்துட்டு தொடைச் சதையை எடுத்து மூடணும், இல்லனா விஷம் ரத்தத்துல கலந்துடும்னு சொன்னாரு. ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தாரு, திங்கக்கிழமை. அதுக்கப்புறம் கொண்டாந்து பிரயோஜனம் இல்லன்னும் சொல்லிட்டாரு.

குரு மாட்டேன்னுட்டான். வீட்டுக்குக் கூட்டிக்கினு போன்னு ஒரே பிடிவாதம். வீட்டுக்கு வந்தப்புறம் சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டான். மாத்திரையைத் துப்பினான். "வெட்டிக்கினு வந்து இன்னா பண்ணப்போறேன்? மறுபடியும் இதே கூரையை எண்ணவா?"ன்னான். ஷோபனா கெஞ்சிப் பார்த்தா, கத்திப் பார்த்தா, ரெண்டு நாள் தானும் சாப்பிடாம கெடந்து பார்த்தா. என்னை விட்டுப் பேசச் சொன்னா. நான் வாயைத் திறந்ததும் அவன், "ஆட்டம் ஆடறதுனா உக்காரு, இல்லனா கெளம்பு"ன்னு சொல்லிட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு அறை விட்டிருப்பேன். அறையறதுக்கு அந்த மூஞ்சியில சதை இல்ல.

திங்கக்கிழமைக்கு முந்தின நாளு, ஞாயித்துக்கிழமை மத்தியானம். அவனுக்குக் காய்ச்சல் கொதிக்குது. புண்ணு வாடை தெரியக் கூடாதுனு ஷோபனா சாம்பிராணி போட்டிருந்தா, ரெண்டும் கலந்து மூச்சு முட்டுது. சரி, இன்னைக்கு எப்படியாவது பேசிடலாம்னு மேப்பை விரிச்சோம். குரு கழுகா பாஞ்சான். ராஜகிரியைச் சுத்தல, சண்டைக்கு வரல. நேரா பனமலைக்குப் போனான். ஏரி மேல தாழப் பறந்து தன் நிழலைப் பாக்கறேன்னான். வயசான ஆளு மாதிரி மெதுவா பேசினான். அப்புறம் சொன்னான்.

"கூட்டைக் கொளுத்திடுங்க."

விநாயகம் என்னைப் பார்த்தான். நான் மேப்பைப் பார்த்தேன்.

"ரூல்ல அது இருக்குது இல்ல?" குரு விடல. "கூடு எரிஞ்சா திரும்பி வர முடியாது. நான் கழுகாவே இருந்துடறேன்."

விநாயகத்துக்குக் கண்ணுல தண்ணி, வாயில கோவம். "அது பேலன்ஸ் ஆவாதுடா. ஓசியில றெக்க வேணுமா ஒனக்கு?"

"ஓசி எங்கடா? உங்ககூடப் பேச முடியாது. ஆட்டத்துல இருக்க மாட்டேன். அது வெலை இல்லையா?"

ஆட்டம் நடத்தறவன் நான். நான்தான் தீர்ப்பு சொல்லணும். கணக்குப் பார்த்தா அவன் சொன்னது சரியா இருந்துச்சு, வித்தைக்குத் தகுந்த வெலை. அதான் எனக்குத் தாங்கல. அவன் எதைக் கேக்கறான்னு அங்க இருந்த யாருக்கும் தெரியாம இல்ல.

"நிலாதானே காவல்?" குரு ஷோபனா பக்கம் திரும்பினான். "நெருப்பு வை ஷோபா."

அவ ஊசியைத் துணியில குத்தி வச்சா. என்கிட்ட கேட்டா, "அண்ணா, காலியா கெடக்கிற கூட்டுல வேற உசுரு பூரலாம்தானே?"

"ஆமா"ன்னேன்.

"நான் பூந்துட்டேன்."

குருவுக்குப் புரியல. "எப்ப?"

"எப்பவோ. நீ மொத மொத கழுகா போனியே, அப்பவே. சும்மா கெடக்குதேனு உள்ள வந்தேன் மாமா. நீ அங்க ஏரியப் பார்த்தேங்கறே, நிழலைப் பார்த்தேங்கறே. இங்க எரியறது எனக்கு. முதுகுல இருந்து ஒழுகறது எனக்கு. இதுல நெருப்பு வச்சா நான்தான் வேகணும். வைக்கச் சொல்றியா?"

விநாயகம் என் கையைத் தொட்டான். இதுக்குத் தாயக்கட்டை உருட்டச் சொல்லணும், அதுதான் மொற. நான் சொல்லல. எல்லாத்துக்கும் உருட்டிக்கினு இருக்க முடியாது.

குரு கண்ணை மூடிக்கிட்டான். அப்புறம் கேட்டான், "அப்ப உன் கூட்டுக்கு யாரு காவல்?"

"யாரும் இல்ல."

"எங்க கெடக்குது?"

"தெரியல மாமா. பார்த்து ரொம்ப நாளாவுது." வீட்டுல பருப்பு தீந்துபோச்சுனு சொல்ற மாதிரிதான் சொன்னா. அழல. நான்தான் அழுதேன், வெக்கம் இல்லாம.

குரு முழங்கையால மூஞ்சியை மறைச்சுக்கிட்டான். அவன் தோளு குலுங்கறதைப் பார்த்துக்கினு நாங்க உக்காந்திருந்தோம். கையை எடுத்துட்டு, "அதுல ரெண்டு பேரு இருக்க எடம் பத்தாதுடி"ன்னான். "நீ வெளிய வா. நான் வந்துக்கறேன்."

தாயக்கட்டையைக் கேட்டு வாங்கினான். வயித்து மேலயே உருட்டினான். தாயம் விழல. திரும்ப உருட்டினான், விழல. விநாயகம், "விழுந்துச்சுனு வச்சுக்கோடா"ன்னான். "ஓசியா வேணாம்"னு சொல்லிட்டு உருட்டிக்கினே இருந்தான். வேர்த்து ஊத்துது. கடைசியில ஒண்ணு விழுந்துச்சு. "வந்துட்டேன்"னு சொன்னான். "நாளைக்கு ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடுங்க."

ஷோபனா எழுந்து போயி அவனைப் புரட்டிப் போட்டா. புரட்டற நேரமாயிருந்துச்சு.

ஆபரேஷன் நல்லா ஆச்சுனுதான் சொன்னாங்க. குரு அங்க சாப்பிட்டான். இடுப்புக்கு மேல வலி தாங்கல, ஆனா ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லல. எந்த ஊசி போட்டாலும் கையை நீட்டினான். ஒருத்தன் தன் ஒடம்புக்குள்ள இருந்து தானே வலியை வாங்கிக்கிறதை நான் அப்பதான் பார்த்தேன். ஷோபனாவை வெளிய போயி டீ குடிச்சுட்டு வா, வெயில்ல நடந்துட்டு வான்னு தொரத்திக்கினே இருப்பான். அவ கதவாண்ட நின்னுட்டு திரும்ப வந்துடுவா. ஆனா விஷம் ஏற்கெனவே ரத்தத்துல கலந்திருந்துச்சு. "சீக்கிரமா வந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சாரு டாக்டரு, அப்புறம் நிறுத்திட்டாரு. அடுத்த அமாவாசைக்குள்ள முடிஞ்சுபோச்சு.

பேனர் வேணாம்னுட்டா ஷோபனா. என் கையால அந்த மூஞ்சிக்கு மாலை போட வேண்டியிருக்கும்னு பயந்துக்கினு இருந்தேன், அது ஒண்ணு மிச்சம். ஊரு ஜனம் வந்துச்சு, தெய்வம் தெய்வம்னுச்சு, போயிடுச்சு. ஜவுளிக்கடையில பழைய வேலைக்கு ஆள் எடுக்கறாங்கனு நான் கேட்டுவந்து சொன்னேன். சரிண்ணானு சொன்னா, போகல. சீயமங்கலத்துல இருந்து தம்பி வந்து கூப்பிட்டான், போகல. கட்டிலைக் கழட்டிட்டாங்க. அவ அந்த எடத்துல துணிகூடப் போடாம காலியாவே வச்சிருந்தா. மெஷினு மட்டும் ஓடும்.

நானும் விநாயகமும் ஞாயித்துக்கிழமை போறதை நிறுத்தல. சும்மா உக்காந்துட்டு வருவோம். ஒரு நாளு அவளே மேப்பை எடுத்தாந்து தரையில விரிச்சா. "ஆடலாமா?"ன்னு கேட்டா.

விநாயகம் சட்டுனு சப்பணம் போட்டு உக்காந்தான். எனக்கு எங்க இருந்து ஆரம்பிக்கிறதுனு தெரியல. எப்பவும் கேக்கறதைக் கொஞ்சம் மாத்திக் கேட்டேன்.

"நிலா எங்க இருக்கா?"

ஷோபனா மேப்புல தொண்டூர் பாறை மேல வெரலை வச்சு எடுத்தா.

"அவரு உள்ள வந்ததும் நான் வெளிய வந்துட்டேன்ணா. வந்து என் கூட்டைத் தேடினேன். எங்கயும் இல்ல. காவலுக்கு ஆளு இல்லாம கெடந்துதில்ல, யாரோ கொளுத்திட்டாங்க."

"அப்ப இப்போ நீ எதுல இருக்கே?"

"எதுலயும் இல்ல"ன்னா. என் மூஞ்சியையே பார்த்தா. "நீங்கதானே கதை சொல்றவரு. எதுல பாயட்டும், சொல்லுங்க."

கரடி, புலி, கழுகுனு ஃப்ளெக்ஸ் துண்டுல அடிச்சு வச்ச அட்டையெல்லாம் என் கையிலதான் இருந்துச்சு. ஒண்ணை எடுத்து நீட்டலாம்னு பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியல.